ஒரே செல், பல அறைகள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உயிரியல் பாடத்தில் வரும் செல்லும், இயற்பியலில் வரும் செல்லும், என் கையில் இருக்கும் செல்லும் ஒரே சொல்தானா என்று ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்டாள். ஒன்றுதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் உயிருள்ள ஒன்றுக்கும் டார்ச் லைட்டுக்குள் போடும் ஒன்றுக்கும் எப்படி ஒரே பெயர் வந்தது என்பது எனக்கே விளங்கவில்லை. – வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மகளிடம் நீங்கள் சொன்னது சரியே. மூன்றுக்கும் வேர், சிறிய அறையைக் குறிக்கும் 'செல்லா' என்னும் இலத்தீன் சொல். பொருள்களைச் சேமித்து வைக்கும் உள்ளறையையும், கோயிலில் தெய்வத்தின் திருவுருவம் இருக்கும் அறையையும் உரோமர்கள் இச்சொல்லால் குறித்தார்கள். நம் கோயில்களின் கருவறையைக்கூடக் கட்டடக்கலை நூல்கள் சில ஆங்கிலத்தில் 'செல்லா' என்றே எழுதுகின்றன. மடத்தில் துறவி தனித்திருக்கும் அறை, சிறையில் கைதி அடைபடும் அறை, தேனடையில் உள்ள கண்ணறை என்று ஆங்கிலத்தில் அது மேலும் பரவியது.

உயிரியலுக்கு அச்சொல்லைக் கொண்டுவந்தவர் ராபர்ட் ஹூக். 1665இல் வெளியான 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலில், தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தபோது தேனடை போன்ற சின்னஞ்சிறு அறைகள் தெரிந்ததாக எழுதி, அவற்றை 'செல்' என்றார். ஓர் அங்குல நீளத்தில் 1,080 அறைகள் என்று கணக்கிட்டு, ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம் அறைகள் இருக்கும் என்ற முடிவுக்கு வந்தார். நம்பச் சிரமமான எண்ணிக்கைதான் என்றாலும், 1,080ஐ மும்முறை பெருக்கிப் பார்த்தால் கணக்கு பிசகவில்லை என்பது தெரியும். ஆனால் அவர் பார்த்தவை செத்துப்போன மரப்பட்டையின் வெற்றுச் சுவர்கள். உள்ளே இருப்பதுதான் உயிரின் அடிப்படை என்பது, 1838–39இல் ஜெர்மானிய அறிவியலாளர்களான ஷ்லைடனும் ஷ்வானும் தாவரம், விலங்கு இரண்டுமே செல்களால் ஆனவை என்னும் செல் கொள்கையை முன்வைத்தபோதுதான் உறுதிப்பட்டது. வீட்டுக்குப் பெயர் வைத்து நூற்றெழுபது ஆண்டுகள் கழித்தே குடியிருப்பவரை அடையாளம் கண்டார்கள் என்று சொல்லலாம். விலங்கு செல்லுக்குச் செல்சுவரே கிடையாது. சுவரில்லாத ஒன்றை அறை என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அந்தப் பாடம் அவளுக்கு மறக்காது.

கைபேசியில் அறை எங்கே இருக்கிறது என்று கேட்டால், கருவிக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. ஒரு நகரம் முழுமைக்கும் ஒரே பெரிய கோபுரத்தை நட்டால், கையிருப்பில் உள்ள சில அலைவரிசைகளைக் கொண்டு மிகச் சிலரே ஒரே நேரத்தில் பேச முடியும். ஆகவே நிலப்பரப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்த ஆற்றலில் இயங்கும் ஒரு கோபுரத்தை அமைத்து, ஒரு பகுதியில் பயன்படும் அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள இன்னொரு பகுதியில் மீண்டும் பயன்படுத்தலாம் என்னும் யோசனை 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எழுந்தது. அந்தப் பகுதிகளை அறுகோணங்களாக வரைந்தார்கள். படம் தேனடையைப் போலவே இருக்கும். அந்தப் பகுதிதான் செல்; பேருந்தில் பேசிக்கொண்டே போகும்போது நம் அழைப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அந்தமானில் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறைக்கும் செல்லுலார் ஃபோனுக்கும் அடைமொழி ஒன்றே. கைதிகள் ஒருவரோடொருவர் பேச முடியாதபடி தனித்தனி அறைகளாகக் கட்டியதால் முன்னதற்கு அந்தப் பெயர்; எல்லோரும் பேசுவதற்காகவே நிலத்தை அறைகளாகப் பிரித்ததால் பின்னதற்கும் அதே பெயர்.

கேள்வி: டார்ச் லைட்டில் போடுவதை எங்கள் கடைக்கு வருபவர்களில் சிலர் செல் என்றும் சிலர் பேட்டரி என்றும் கேட்கிறார்கள். எது சரி? – வாசகர், மதுரை

பதில்: இயற்பியல்படி, 1.5 வோல்ட் தரும் தனி உருளை ஒரு செல். பல செல்கள் சேர்ந்த தொகுதியே பேட்டரி. சதுரக் கட்டையாக விற்கும் 9 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கும். காரில் உள்ள 12 வோல்ட் ஈய அமில பேட்டரியிலும் ஏறத்தாழ 2 வோல்ட் வீதம் ஆறு செல்கள் உண்டு. தொடக்க கால பேட்டரிகளில் ஒரு நீண்ட மரத்தொட்டியை உலோகத் தகடுகளால் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் அமிலம் ஊற்றுவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இங்கும் அந்தப் பழைய சிற்றறை தெரியும். பேட்டரி என்பதோ வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு வழங்கிய பெயர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதை மின்சாரத்துக்கு எடுத்துக்கொண்டார். கடையில் யார் எப்படிக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். தேர்வுத்தாளில் மட்டும்தான் வேறுபாடு முக்கியம்.

கேள்வி: இலங்கையில் எங்கள் விஞ்ஞானப் பாடநூல்கள் 'கலம்' என்றே எழுதின. தமிழகத்தார் ஏன் 'செல்' என்று அப்படியே எழுதுகிறார்கள்? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தமிழகத்தில் 'உயிரணு' என்ற சொல்லும் உண்டு, ஆனால் அணு என்பது துகளைக் காட்டுமே தவிர, உள்ளீடு உள்ள ஒன்றைக் காட்டாது. கலம் என்றால் பாத்திரம். மின்கலம், உயிர்க்கலம் இரண்டுக்கும் பொருந்தி, எதையோ உள்ளடக்கியிருக்கிறது என்ற குறிப்பையும் தருவதால், உங்கள் சொல்லே மேலானது என்பது என் கருத்து. கைதிக்கும் கைபேசிக்கும் அது பொருந்தாது என்பது உண்மைதான். ஆயினும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளித்த இடமெல்லாம் தமிழும் ஒரே சொல்லால் சமாளிக்க வேண்டியதில்லை. மக்களின் மனுக்களைப் பெறும் முதலமைச்சர் அலுவலகத்தின் 'செல்' தமிழில் 'தனிப்பிரிவு' ஆகித் தெளிவாகவே விளங்குகிறது.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். உங்கள் ஊரார் போர்க்காலத்தில் அஞ்சிய 'செல்லடி'யில் உள்ள செல், பீரங்கிக் குண்டைக் குறிக்கும் 'ஷெல்' என்னும் வேறு ஆங்கிலச் சொல். தமிழ் எழுத்தில் வந்தபோது இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. செல்லரித்த ஏடு என்கிறோமே, அந்தச் செல்லுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது கறையான்.