ஓவர்டைம் வேலை நின்னுபோனதை மனைவிகிட்ட சொல்லலாமா?

இன்னிக்கே சொல்லிடுங்க சகோ. ராணிப்பேட்டை தோல் கம்பெனியில ஓவர்டைம் நின்னதை மறைச்சு, கடன் வாங்கி வீட்டுக்குக் கொடுக்கறதா எழுதியிருக்கீங்க. "ஏன் முகம் கொடுத்தே பேசறதில்ல"ன்னு அவங்க கேக்கறது பணத்தைப் பத்தி இல்ல.

சம்பாதிக்கறவன்தான் ஆம்பள, கஷ்டத்தை வெளிய காட்டக்கூடாதுன்னு சின்ன வயசுலயே ஏத்திவிட்டது காரணமா இருக்கலாம். அடக்கின அவமானம் கோபமாத்தான் வெளிய வரும். சாம்பார்ல உப்பு கம்மின்னு தட்டைத் தள்ளினீங்களே, அது உப்புக்காகவா?

சாயந்திரம் வேலூர் கோட்டை அகழியோரம் ரெண்டு பேரும் நடங்க. நடக்கும்போது பேச்சு சுலபமா வரும். சம்பளச் சீட்டைக் கொடுத்து, "பயமா இருக்கு"ன்னு மட்டும் சொல்லுங்க.

மறைச்சதுக்காக அவங்க கோபப்படலாம். பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்க. தூக்கமே இல்லாம குடி கூடினா, 14416-க்கு போன் பண்ணுங்க. அரசோட டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இலவசம், தமிழ்லயே பேசலாம்.