பல் டாக்டர் பதில்கள்: ரூட் கேனாலுக்குப் பத்தியம் உண்டா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் கீழே வலது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்து, கேப்பும் (பல்லை மூடும் உறை) போட்டாயிற்று. ஆனால் நடுவில் இருந்த அந்த ஒரு வாரம் அரிசிக் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. "புண் ஆறட்டும்" என்று பல் தேய்ப்பதையும் விட்டுவிட்டார். மீன், முட்டை, கத்தரிக்காய் சேரக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். ஒருநாள் சாயங்காலம் கை நடுங்கி, வியர்த்து, மயக்கமாக உட்கார்ந்துவிட்டார். இப்போது இடது பக்கமும் செய்ய வேண்டும் என்கிறார்கள். இந்தத் தடவை என்ன கொடுப்பது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: பல்லைவிட அந்த மயக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால், சில வகை மாத்திரைகளில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். நடுக்கமும் வியர்வையும் அதன் அறிகுறிகள். வெறும் அரிசிக் கஞ்சி குடித்தவுடன் சர்க்கரையை ஏற்றும், அதிக நேரம் தாங்காது. சர்க்கரை டாக்டரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

புண் என்று அம்மா பயப்படுகிறாரே, ரூட் கேனாலில் வழக்கமாக ஈறை அறுப்பதில்லை, தையலும் இல்லை. பல்லின் மேலே சின்னத் துளை போட்டு, உள்ளே கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேருக்குள் ஓடும் குழாய்களைக் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் மாதிரியான பொருளால் அடைக்கிறோம். வேலை எல்லாம் பல்லுக்குள்ளேயே. அதனால் மீனும் முட்டையும் கத்தரிக்காயும் இதற்கு ஒரு கெடுதலும் செய்யாது. முட்டையும் முள் எடுத்த மீனும் இந்த நேரத்தில் அம்மாவுக்கு நல்லதுதான்.

இந்த முறை காலை நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். டாக்டர் வேறு மாதிரி சொன்னால் ஒழிய, டிபன் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டே போகலாம். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் மரத்திருக்கும். அதுவரை எதையும் மெல்ல வேண்டாம், சூடான காபியும் வேண்டாம். உதட்டைக் கடித்தாலும் தெரியாது. மறுநாள் உதட்டின் உள்பக்கம் வெள்ளை பூத்த புண்ணோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "பல்லு பரவாயில்ல டாக்டர், உதடுதான் எரியுது" என்பார்கள். அதற்குள் பசித்தால் ஆறிய கேழ்வரகுக் கூழோ மோரோ ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

மரப்பு விட்டபிறகு வீட்டுச் சாப்பாடுதான். இட்லி சாம்பார், இடியாப்பம், குழைந்த சாதமும் பருப்பும், கீரை மசியல், சுரைக்காய் கூட்டு, தயிர் எல்லாம் சரி. மறுபக்கம் மெல்லட்டும். வலது பக்கம்தான் கேப் போட்டாயிற்றே, அதனால் இந்தத் தடவை அது சுலபம். கேப் போடும் வரை முறுக்கு, சீடை, தட்டை, கரும்பு, நல்லி எலும்பு, ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். கடலைமிட்டாய், அல்வா மாதிரி ஒட்டுகிற பண்டம், கேப் போடும் வரை துளையை அடைத்து வைக்கும் தற்காலிக ஃபில்லிங்கைப் பிடுங்கிக்கொண்டு வரும். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் கொட்டைப்பாக்கைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். ஃபில்லிங் மேலே லேசாகத் தேய்ந்தால் பயமில்லை. பெயர்ந்து விழுந்தால் மட்டும் கேப் தேதிக்குக் காத்திராமல் உடனே போய் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எச்சில் உள்ளே இறங்கி, கழுவிய குழாயில் மறுபடி கிருமி சேரும்.

பல் தேய்ப்பதை ஒரு நாளும் விட வேண்டாம். அன்று ராத்திரியே தேய்க்கலாம். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைத்தால் போதும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு சீக்கிரம் வீங்கும், அழுக்கு சேரவிட்டால் அதுவே தனி வலியாகிவிடும். பல் இடுக்கை நூலால் சுத்தம் செய்கிற ஃப்ளாஸ் பழக்கம் இருந்தால், நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்கட்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்துத் துப்பினால் இதமாக இருக்கும்.

நரம்பை எடுத்தபிறகும் கடித்தால் ஏன் வலிக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கிற மெல்லிய நார்ப்படலம் கொஞ்சம் வீங்கியிருக்கும், கடிக்கும்போது பல் அதை அழுத்தும். சில நாளில் அடங்கிவிடும். டாக்டர் எழுதிய மாத்திரை போதும், கடையில் கேட்டு வேறு வாங்க வேண்டாம். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடமும், ஈறில் கிராம்புத் தைலமும் வேண்டாம், தைலம் ஈறைச் சுட்டுவிடும். வாயை மூடும்போது அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது என்றால் ஃபில்லிங் உயரமாக இருக்கலாம். போய்ச் சொன்னால் தேய்த்துச் சரிசெய்வார்கள். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். வாய் திறக்க முடியவில்லை, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ராத்திரி என்று பார்க்க வேண்டாம்.

கேள்வி: ஆறு மாதம் முன்பு கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்தேன். வலி போய்விட்டதால் கேப் போடவில்லை. எல்லாம் நன்றாகவே மெல்ல முடிகிறது. கேப் அவசியமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: அவசியம். வலியைச் சொல்கிற நரம்பை எடுத்துவிட்டோம். இனி அந்தப் பல்லுக்குள் சொத்தை வந்தாலும் கூச்சம் காட்டிச் சொல்லாது. சொத்தைக்கும் துளைக்கும் போக மீதி இருப்பது பெரும்பாலும் நான்கு ஓரச் சுவர்கள்தான். சாதத்தில் ஒரு சின்னக் கல் கடிபட்டாலும் அந்தச் சுவர் பிளக்கலாம். மேலோடு உடைந்தால் கட்டிவிடுவோம். விரிசல் வேர் வரை நெடுக இறங்கிவிட்டால், எவ்வளவு நல்ல ரூட் கேனாலாக இருந்தாலும் பல்லை எடுப்பதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை. எடுத்த இடத்தில் வேறு பல் வைக்க, கேப்புக்கு ஆவதைவிட அதிகம் செலவாகும். முன்பல் என்றால் சில சமயம் ஃபில்லிங்கோடு விடலாம், அரைக்கிற பல்லுக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

உள்ளே இருப்பது இன்னும் தற்காலிக ஃபில்லிங்தானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது சில வாரங்களுக்கானதுதான். ஆறு மாதம் ஆகியிருந்தால், கேப்புக்கு முன் ரூட் கேனாலையே மறுபடி செய்ய வேண்டியும் வரலாம். போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் சிகிச்சைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை கறியும் கடலையும் வாயின் மறுபக்கம் மெல்லுங்கள்.