'அட்'டா, 'இன்'னா, 'வித்'தா? ஆங்கிலப் பெயரடைகளுக்குப் பின்னால் எது வரும்

கேள்வி: பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்று ஒரு விண்ணப்பத்தில் 'குட் இன் மேத்ஸ்' என எழுதினேன். 'குட் அட்' என்று திருத்திக் கொடுத்துவிட்டார்கள். கணக்கில் என்றால் 'இன்' தானே சார்?

பதில்: அந்த 'இல்'தான் நம்மைக் கவிழ்க்கிறது. தமிழில் உருபு எதுவோ அதையே ஆங்கிலத்தில் தேடுகிறோம், ஆனால் அங்கே முடிவு செய்வது முன்னால் நிற்கும் பெயரடை. திறமை என்றால் 'குட் அட்', உடம்புக்கு நல்லது என்றால் 'குட் ஃபார்', குழந்தைகளைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்பவர் 'குட் வித் சில்ட்ரன்'. 'குட்'டைத் தனியாகப் படிக்காமல் வாலோடு சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: 'மேரிட் வித்' தப்பா? அவரோடுதானே கல்யாணம்?

பதில்: தப்புதான், 'மேரிட் டு'. ஆனால் பயோடேட்டாவில் 'மேரிட் வித் டூ சில்ட்ரன்' என்று பார்த்தால் பதறாதீர்கள். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம், அது சரியான ஆங்கிலம்.

கேள்வி: 'ஓல்டர் தேன் மீ' சரி, 'சீனியர் தேன் மீ' மட்டும் ஏன் தப்பு?

பதில்: சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள். ஆங்கிலத்தில் அவை 'தேன்' கேட்காது, 'டு'வைத்தான் கேட்கும்.

கேள்வி: 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'அஃப்ரெய்ட் டு' இரண்டையும் பார்க்கிறேன். குழப்பமாக இருக்கிறது.

பதில்: நாய், இருட்டு, மாமியார் என்று பெயர்ச்சொல் வந்தால் 'ஆஃப்' மட்டும்தான். வினை வரும்போதுதான் கவனம் வேண்டும். மாடிப்படியில் விழுந்துவிடுவோமோ என்றால் 'அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்', ஏனென்றால் யாரும் வேண்டுமென்றே விழப்போவதில்லை, நடந்துவிடுமோ என்கிற பயம். பயத்தால் ஒன்றைச் செய்யாமல் நின்றுவிட்டால் 'அஃப்ரெய்ட் டு', உதாரணமாக 'அஃப்ரெய்ட் டு கிராஸ் த ரோடு'. ஆங்கிலம்தான் இப்படிப் படுத்துகிறது என்று நினைக்காதீர்கள். அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரும், இரண்டாம் வேற்றுமையும் வரும் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, அதாவது புலியின் அஞ்சும், புலியை அஞ்சும். இன்று நாம் 'புலிக்குப் பயப்படுகிறேன்' என்று நான்காம் வேற்றுமையில் பேசுகிறோம், ஏன் 'கு' என்று யாராவது கேட்டோமா?

கேள்வி: 'டிஃபரண்ட்' பக்கத்தில் எது?

பதில்: 'ஃப்ரம்' எங்கும் செல்லும். பிரிட்டனில் பேச்சில் 'டு' சொல்வார்கள், அமெரிக்காவில் 'தேன்'. பரீட்சை என்றால் 'ஃப்ரம்' எழுதிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது என்பதற்கு 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக் அப் எர்லி' சரியா?

பதில்: இல்லை, 'வேக்கிங் அப் எர்லி'. இந்த 'டு' பெயரடையின் வால், அதனால் பின்னால் 'இங்' வேண்டும். 'ஆம்' விட்டுப்போய் 'ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி' என்று எழுதினால் அதுவும் சரியான வாக்கியம்தான், ஆனால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுந்தேன், இப்போது இல்லை என்றாகிவிடும். இன்டர்வியூவில் இதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.