ஏசியும் ஸ்கூட்டரும்: விலைச்சீட்டில் வராத செலவு

கேள்வி: சென்னையில் குடியிருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்க நினைக்கிறோம். லேபிளில் வருடத்துக்கு 770 யூனிட் என்றிருக்கிறது. கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? மெட்ரோவை விட்டு ஸ்கூட்டரில் வேலைக்குப் போனால் மிச்சமாகுமா?

பதில்: அந்த 770 யூனிட் வருடம் முழுவதற்கும் அல்ல, 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. அதாவது மணிக்குச் சுமார் அரை யூனிட். தினமும் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 60 நாளில் 231 யூனிட் கூடி, உங்கள் ரீடிங் 611 ஆகும்.

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். 2022 செப்டம்பர் கட்டணப்படி பார்ப்போம் (2024-இல் இன்னும் கொஞ்சம் ஏறியது). 380 யூனிட்டுக்கு 1,035 ரூபாய். சராசரி மூன்று ரூபாய்கூட இல்லை. ஆனால் ஏசி இழுக்கும் யூனிட்டெல்லாம் மேல் ஸ்லாபில், அதாவது யூனிட்டுக்கு அதிக விலை உள்ள படியில், போய் உட்காரும். அதோடு 500-ஐத் தாண்டிய உடனே, 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய் சலுகையும் போய், அந்த நூறு யூனிட்டும் 4.50 ஆகிவிடும். 501-ஆவது யூனிட் ஒன்றுக்கு மட்டும் 233 ரூபாய்! 611 யூனிட்டுக்கு 2,849 ரூபாய், கூடுதல் 1,814.

அதே ஏசியை டைமர் வைத்து நான்கு மணி நேரம் ஓட்டினால் ரீடிங் 495-இல் நிற்கும், பில் 1,695. கூடுதல் 660 மட்டுமே. பாதி நேரத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல்தான் செலவு. கடும் வெயிலில் ஏசி அதிகம் இழுக்கும். அதனால் ரீடிங் எடுக்க வரும்வரை காத்திராமல் வாரம் ஒருமுறை நீங்களே மீட்டரைப் பாருங்கள். 26 டிகிரியில் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சையும் அணையுங்கள்: அது 10 வாட் இழுத்தால்கூட 60 நாளில் 14 யூனிட். 500-ன் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை.

ஸ்கூட்டரில் நிலைமை நேர்மாறு. பெட்ரோல் கண்ணுக்குத் தெரியும். ஓட்டாவிட்டாலும் தேயும் மதிப்பு, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பார்க்கிங் கணக்கில் வருவதில்லை. மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு டிக்கெட் 50 ரூபாய்க்கு மேல் இல்லை. மொபைலில் எடுக்கும் க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. ஸ்டேஷன் நடக்கும் தூரத்தில் இருந்தால், வேலைக்குப் போவதற்காக மட்டும் ஸ்கூட்டர் வாங்காதீர்கள்.