தம்பியின் கோபத்தை யார் வாங்குகிறார்கள்?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. இன்ஜினியரிங் முடித்து சென்னையில் பார்த்த வேலை போய், இப்போது வீட்டோடு இருக்கிறான். பேசி வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயின. நாள் முழுக்க போனில் ட்ரம்ப் பேச்சு, பெண்களை மட்டம் தட்டிப் பேசும் ஆண்ட்ரூ டேட் வீடியோ. பெண்களுக்கு இடம் கொடுத்ததும் வடக்கத்திக்காரர்களை உள்ளே விட்டதும்தான் ஆண்களைக் கெடுத்ததாம். எங்கள் பாட்டையா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அந்த வீட்டிலா இந்தப் பேச்சு? என்ன செய்வது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் அவரைத் திட்டுவதை நிறுத்துங்கள். வேலை போனது நிஜம், பெண் வீட்டார் வேண்டாம் என்றதும் நிஜம். விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட "இப்ப என்ன பண்றே?" என்று கேட்டே ஒரு ஆணைக் கூனிக்குறுக வைத்துவிடுகிறோம். அப்படிப்பட்டவரிடம் "தப்பு உன்மேல் இல்லை, உன் இடத்தைப் பறித்துவிட்டார்கள்" என்று ஒருவன் சொன்னால் இதமாகத்தான் இருக்கும்.

ஆனால் சொன்னவன் என்ன கொடுத்தான் என்று பாருங்கள். தென்கொரியாவில் 2022 அதிபர் தேர்தலில் நின்ற யூன் சுக் யோல், பாலினச் சமத்துவ அமைச்சகத்தையே மூடுவேன் என்றார். இருபதுகளில் இருந்த ஆண்களில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் அவருக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடி கணிப்பு சொன்னது. அவர் அதிபரும் ஆனார்; அமைச்சகம் மூடப்படவில்லை. 2024 டிசம்பரில் ராணுவச் சட்டம் அறிவித்தவர், 2025 ஏப்ரலில் பதவியை இழந்தார். வாக்களித்த பையன்களின் வேலைக் கவலையும் வீட்டு விலைக் கவலையும் அப்படியே கிடக்கின்றன.

உங்கள் பாட்டையாவின் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம், வட்டிக்குக் கொடுத்த நகரத்தார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930ல் சுமார் 6 சதவீதமாக இருந்தது, 1938க்குள் 25 சதவீதத்தை எட்டியது. நிலம் போனவர் கோபப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "இந்தியன் நம் நிலத்தையும் பெண்களையும் கொண்டுபோகிறான்" என்று அதைத் திருப்பிவிட்டவர்களும் இருந்தார்கள். நிலம் பெருமளவு கைமாறும் முன்பே, துறைமுக வேலைத் தகராறில் மூண்ட 1930 ரங்கூன் கலவரத்தில் வெட்டுப்பட்டுச் செத்தது பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள். வட்டிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? இன்று காரைக்குடியில் கட்டட வேலை பார்க்கும் பீகார்ப் பையனுக்கும் உங்கள் தம்பி வேலை போனதற்கும் உள்ள சம்பந்தம்தான்! இதை அவரிடம் சொல்லுங்கள், வீடியோ ஓடாத நேரமாகப் பார்த்து.

அப்புறம், ஆண்கள் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யக் கடல் கடந்து, போய் மூன்று வருஷம் திரும்பாத காலத்தில், செட்டிநாட்டு வீடுகளின் வரவு செலவை ஆச்சிமார்தான் பார்த்தார்கள். அதனால் எந்த ஆண்பிள்ளையும் குறைந்துபோனதாக யாரும் சொல்லவில்லை.

கல்யாணப் பேச்சை ஆறு மாதம் ஒத்திப்போடுங்கள். உறவில் யாராவது நடத்தும் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ, சம்பளம் சின்னதானாலும், தினமும் போய்வர ஒரு வேலை பிடித்துக் கொடுங்கள். பந்தியில் யாராவது குத்திக் கேட்டால் நீங்களே பதில் சொல்லி மடக்குங்கள். உங்களையோ அம்மாவையோ மரியாதைக் குறைவாகப் பேசினால் மட்டும் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். அந்த இடத்திலேயே, அப்பா முன்னால், நிறுத்துங்கள்.