வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா?

கேள்வி: 12 வயது மகன் விளையாட வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட், அதாவது கண்ணை மூடி அணியும் திரைக்கருவி, கேட்கிறான். கண்ணாடி போடுபவன். வாங்கித் தரலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: விலையைப் பார்க்குமுன் கூடத்தை அளந்து பாருங்கள். நடமாடி ஆட, 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெறும் தரை வேண்டும். தலைக்கு மேல் தாழ்வான மின்விசிறி கூடவே கூடாது. கையை வீசும்போது, பிடித்திருக்கும் கன்ட்ரோலர் அதில் படும்.

கணினி இல்லாத வீட்டுக்கு மெட்டா குவெஸ்ட் 3எஸ் போதும். பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 ஹெட்செட்டுக்கு பி.எஸ்.5 விளையாட்டுக் கருவி தேவை. 3எஸ்-ஸில் கருவிழிகளின் இடைவெளிக்கேற்ப லென்ஸை நகர்த்த 58, 63, 68 மி.மீ. என மூன்றே நிலைகள். மகனின் அளவு 58-க்கு மிகக் குறைவாக இருந்தால் படம் மங்கும், தலை வலிக்கும். கண்ணாடிக் கடையில் அளந்து தருவார்கள். மூக்குக்கண்ணாடி, ஹெட்செட்டின் லென்ஸில் உரசினால் இரண்டிலும் கீறல் விழும். பவருக்கேற்ற செருகு லென்ஸை ஹெட்செட்டுக்குள் போடுவது நல்லது.

கண் நாம் ஓடுவதாகச் சொல்ல, சமநிலை உணரும் உட்காது அசையவில்லை என்கிறது, குமட்டல் அதனால்தான். நின்ற இடத்திலேயே ஆடும் விளையாட்டுகளில், பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். குமட்டி வியர்த்தால் உடனே கழற்ற வேண்டும். பல்லைக் கடித்துத் தொடர்ந்தால் மோசமாகும்.

ஆடியபின் ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள். லென்ஸ் பூதக்கண்ணாடிபோல வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: பழைய குவெஸ்ட் 2 மலிவாக வருகிறதே? (வாசகர், மதுரை)

பதில்: வெள்ளைத் திரையில், வெயில் பொசுக்கிய மஞ்சள், கரும்புள்ளி தெரிகிறதா பாருங்கள். விற்பவர் தன் மெட்டா கணக்கை ஹெட்செட்டிலிருந்து உங்கள் எதிரிலேயே நீக்கட்டும். மறுத்தால் வேண்டாம்.