கருப்பாகக் கழியும் தோட்டத்து நாய்க்கு ஒமெப்ரசோல் மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். தோட்டத்துக் காவலுக்கு நாட்டு நாய் ஒன்று வளர்க்கிறோம். ஆறு வயது, ஆண், எடை 22 கிலோ இருக்கும். பத்து நாளைக்கு முன்னால் பைக் இடித்துப் பின்னங்காலை நொண்டியது. மெடிக்கலில் கேட்டு டைக்ளோபினாக் 50 மாத்திரை வாங்கி காலை ஒன்று, இரவு ஒன்று கொடுத்தேன். மாட்டுக்குப் போட்டதில் மிச்சமிருந்த டெக்சா ஊசியையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு நாள் போட்டார். நொண்டல் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகாததால் இரவு மாத்திரை மட்டும் தொடர்கிறேன். மூன்று நாளாகச் சோறு தின்பதில்லை, வாந்தி எடுக்கிறது, மலம் கருப்பாகப் போகிறது. ஒமெப்ரசோல் 20 கேப்சூலைப் பிரித்துப் பாலில் கலந்து தினம் ஒன்று கொடுக்கிறேன், குறையவில்லை. கூட ரானிடிடினும் கொடுக்கலாமா? பூனையும் இரண்டு நாளாக வாந்தி எடுக்கிறது, அதற்குப் பாதி கேப்சூல் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம் அண்ணா. இன்று இரவு அந்த டைக்ளோபினாக் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், டெக்சா ஊசியும் இனி வேண்டாம். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். புண்ணை உண்டாக்குகிற மருந்தை இரவில் கொடுத்துவிட்டு, புண்ணை ஆற்றுகிற கேப்சூலைக் காலையில் கொடுத்தால் எத்தனை நாளானாலும் குறையாது.

உங்கள் நாய்க்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். இரைப்பையின் உள்சுவரை அதன் சொந்த அமிலமே அரித்துவிடாமல் ஒரு சளிப்படலம் காக்கிறது. அந்தச் சளி ஊறவும், சுவருக்கு ரத்தம் ஒழுங்காக வரவும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். வலி மாத்திரை வலியை அடக்குவதே இந்தப் பொருளைக் குறைத்துத்தான், அதனால் வலி போகும்போதே வயிற்றின் காப்பும் போய்விடுகிறது. நாய் உடம்பில் இந்த வகை மருந்துகள் பித்தத்தோடு சேர்ந்து மறுபடி மறுபடி குடலுக்கே வந்து சேர்வதால் அதற்குச் சேதமும் அதிகம். கணக்கையும் பாருங்கள். 60 கிலோ ஆள் தின்கிற அதே இரண்டு மாத்திரையை 22 கிலோ நாய்க்குக் கொடுத்திருக்கிறீர்கள், கிலோவுக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதற்கு மேல் டெக்சா, அது ஒரு ஸ்டீராய்டு. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்தால் இரைப்பையில் புண் மட்டுமல்ல, ஓட்டையே விழலாம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நொண்டுகிற நாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வராதுதான். ஆனால் நம் பக்கத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே நிறைய நாய்கள் வந்து சேருகின்றன, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போதே நாயிடம் போய் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல நாய்க்கு ஈறு இளஞ்சிவப்பாக ஈரமாக இருக்கும். கட்டை விரலால் அழுத்தி எடுங்கள், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும். ஈறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறியிருந்தாலோ, நிறம் திரும்ப நேரம் எடுத்தாலோ உள்ளே ரத்தம் நிறையப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்த மலத்தில் கொஞ்சம் குச்சியால் எடுத்து வெள்ளைத் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஓரத்தில் செம்பழுப்பாக ஊறினால் அது செரித்த ரத்தம். தார் மாதிரி பிசுபிசுப்பும் ஒரு தனி வாடையும் இருக்கும். ஈரலோ ஆட்டு ரத்தமோ தின்றிருந்தாலும், சத்து டானிக்கில் இரும்பு இருந்தாலும் மலம் கருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வாந்தியில் காபித்தூள் கலந்த மாதிரித் துகள் வருகிறதா என்றும் கவனியுங்கள்.

ஈறு வெளிறியிருந்தாலோ, வயிறு பலகை போல் இறுகியிருந்தாலோ, முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே நின்றாலோ, கேப்சூல் பற்றிய பேச்சே வேண்டாம், உடனே வண்டியில் ஏற்றுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் நாயையும் பார்ப்பார்கள், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி மாதிரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் அங்கே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் முடியும். ஈறு நன்றாக இருந்தாலும் நாளைக் காலையில் கொண்டு போகத்தான் வேண்டும். மூன்று நாள் வாந்தி எடுத்த நாய்க்கு டிரிப்ஸ் தேவைப்படும், இந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பார்க்காமல் விடக்கூடாது.

சரி, ஒமெப்ரசோலுக்கு வருவோம். மருந்து சரியானதுதான், கொடுக்கிற விதம்தான் தவறு. நாய்க்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்பது வழக்கமான அளவு. உங்கள் நாய்க்குக் காலை 20, இரவு 20. ஒரு வேளை மட்டும் கொடுத்தால் அமிலம் நாள் முழுக்க அடங்காது. கேப்சூலைப் பிரித்தால் உள்ளே கடுகு மாதிரி மணிகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு உண்டு. இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைய வேண்டும் என்பதற்காகப் போட்ட பூச்சு அது. பாலில் அமிலத்தன்மை குறைவு, அதில் ஊறினால் பூச்சு அங்கேயே கரைந்துவிடும், அப்புறம் வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடும். நீங்கள் மூன்று நாளாகக் கொடுத்ததில் எவ்வளவு வேலை செய்திருக்குமோ சொல்ல முடியாது. கேப்சூலைப் பிரிக்காமல், இடிக்காமல், ஒரு சிறு இட்லித் துண்டுக்குள் வைத்து வெறும் வயிற்றில் கொடுங்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். வாந்தி நிற்காத நாய்க்கு வாய் வழியாக எதைக் கொடுத்தாலும் தங்காது, அப்போது டாக்டர் பாண்டப்ரசோலை நரம்பில் போடுவார்.

ரானிடிடின் சேர்க்க வேண்டாம். நாய்க்கு அது அமிலத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அமெரிக்காவின் கால்நடை உள்மருத்துவ நிபுணர் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒமெப்ரசோல் வகையை இரண்டு வேளை கொடுப்பதைத்தான் சொல்கிறது, கூட ரானிடிடின் வகையைச் சேர்ப்பதால் லாபமில்லை என்கிறது. அதற்குப் பதிலாக டாக்டர் சுக்ரால்ஃபேட் எழுதலாம். அது புண்ணின் மேல் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாத்திரையானால் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி வெறும் வயிற்றில் ஊட்ட வேண்டும். மற்ற மருந்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். சிரப்பாக வாங்கினால் மரப்பு மருந்து கலக்காத தனி சுக்ரால்ஃபேட்டாகக் கேளுங்கள், பாட்டிலில் சுகர் ஃப்ரீ என்றிருந்தால் சைலிடால் சேர்த்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருப்பு மலம் எல்லாமே அல்சர் இல்லை. ஒரு முறை ஒரு ராஜபாளையம் நாயைக் கொண்டுவந்தார்கள், பத்து நாளாக அல்சர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், காது மடலைத் திருப்பினேன், உள்ளே உண்ணி அப்பிக்கிடந்தது. அடிவயிற்றில் தோலுக்கடியில் ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். உண்ணிக் காய்ச்சலில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து குடலுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதனால் உங்கள் நாயின் காது, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் எல்லாம் பாருங்கள், உண்ணி இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் எழுதினால் அதையும் சுக்ரால்ஃபேட்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. கொக்கிப்புழுவாலும் மலம் கருக்கும், குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாந்தி நின்றதும் குழைந்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியும் பிசைந்து, ஒரு கைப்பிடி அளவாக நாலைந்து வேளை கொடுங்கள். மசாலா, வெங்காயம், ரசம் எதுவும் வேண்டாம். கற்றாழையைச் சீவி ஊட்டச் சொல்லிப் பக்கத்தில் யாராவது வருவார்கள், அந்த மஞ்சள் பால் பேதியைக் கிளப்பிவிடும், வேண்டாம். கால் வலிக்கு இப்போதைக்கு ஓய்வுதான் மருந்து, கட்டிப் போட்டு வையுங்கள், வயிறு ஆறும்வரை வேறு எந்தப் பெயரிலும் வலி மாத்திரை கூடாது. பிறகு தேவைப்பட்டால் மெலாக்சிகாம் எழுதுவார், அதுவும் உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம்தான் வரும். மெடிக்கலில் விற்கிற 15 மில்லிகிராம் மாத்திரை ஏழு மடங்குக்கு மேல். ஒமெப்ரசோலை மூன்று நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்க நேர்ந்தால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், அடங்கியிருந்த அமிலம் ஒரேயடியாக ஊறும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள்.

பூனைக்குப் பாதி கேப்சூல் வேண்டாம், ஏன் வாந்தி எடுக்கிறது என்றே நமக்குத் தெரியவில்லை. நூலோ, மீன் முள்ளோ, பல்லியோ, சிறுநீர் அடைப்போ எதுவாகவும் இருக்கலாம். உங்களிடம் ஒரு கேள்வி: வீட்டில் யாராவது அதற்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தீர்களா? பாராசிட்டமால் பூனையைக் கொல்லும், அரை மாத்திரையே போதும். கொடுத்திருந்தால் நாயை விடப் பூனைக்குத்தான் அவசரம், இன்றைக்கே கிளம்புங்கள். இல்லையென்றால் நாளைக்கு நாயைக் கொண்டு போகும் வண்டியிலேயே ஒரு கூடையில் அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டை, டெக்சா புட்டி, ஒரு டப்பாவில் கொஞ்சம் மலம், இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். எத்தனை மாத்திரை, எத்தனை ஊசி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஈறு எப்படி இருந்தது என்று இன்று இரவே எனக்கும் எழுதுங்கள்.